பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் பொன்னேரிச் சாலையில் உங்கள் வேன்கள் வர ஆரம்பித்துவிடும். விடியற்காலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்பி, 60 கிலோமீட்டர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, சூரியன் எழும் நேரத்துக்கு ஏரிக்கரையில் பைனாகுலரோடு நிற்கிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. நான் பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வேலைக்காகப் பொன்னேரியில் இருக்கிறேன், ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஊர்ப் பக்கம் போகாமல் இருப்பதில்லை. சின்ன வயதில் எங்களுக்குப் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, என்றால் தூரத்தில் தெரிகிற ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. அதற்கு நன்றி.

இந்த மடலை எழுத வைத்தது போன ஜனவரியில் நடந்த ஒரு சின்ன விஷயம். காலை 10 மணி இருக்கும். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஏரியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குழு, பத்துப் பதினைந்து பேர், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், கல்லூரியில் படிக்கிற வயது, குழுவை அழைத்து வந்தவரிடம் கேட்டார்: "சார், இந்த ஊர்ல வேற என்ன பார்க்கலாம்?" அவர் யோசிக்கவே இல்லை. "வேற ஒண்ணும் இல்லம்மா, பழைய கல்லறை ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். கிளம்பலாம்." வண்டி கிளம்பிப் போய்விட்டது. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். உங்களுக்கும், முக்கியமாக, குழுவை அழைத்து வருகிற ஒருங்கிணைப்பாளர்களுக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். பறவை பார்த்து முடித்ததும் திரும்பிவிடாதீர்கள். மீதி அரை நாளை ஊருக்குக் கொடுங்கள்.

ஏன் என்றால், நீங்கள் பார்க்கிற ஏரியும் பார்க்காமல் போகிற ஊரும் வேறு வேறு இல்லை. அந்த ஏரியை யோசித்துப் பாருங்கள். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம் பக்கம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தெற்கே ஆரணி ஆறு வந்து கலக்கிறது, வடக்கே சுவர்ணமுகி, நடுவில் காளங்கி. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு சுவர் மாதிரி நீளமாகக் கிடந்து கடலை மறைக்கிறது. கடல் உள்ளே வர முகத்துவாரம். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, ஆனால் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூடக் கிடையாது. அதனால்தான் பூநாரை நின்றபடியே தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக விட்டு, சேற்றோடு உறிஞ்சி அரித்துத் தின்ன முடிகிறது. அதே ஏரியும் அதே முகத்துவாரமும்தான் 400 வருடத்துக்கு முன்னால் டச்சுக்காரர்களை இங்கே இழுத்து வந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு மட்டும் சின்னப் படகுகளில் போய் வரும். புயல் தாக்காத உள்நீர், பின்னால் நெசவு ஊர்கள். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

1610-ஐ ஒட்டி வந்தார்கள். போர்ச்சுகீசியர்கள் வந்து தாக்கிய பிறகு 1613-இல் கோட்டை கட்டிக்கொண்டார்கள். கோட்டைக்குப் பெயர் கெல்டிரியா. சோழமண்டலக் கரை முழுக்க இருந்த டச்சு வியாபாரத்துக்கு இந்தச் சின்ன ஊர்தான் தலைமையிடம், 1690-இல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரைக்கும். சென்னைக் கோட்டைக்கு ஆங்கிலேயர் கல் எடுத்து வைத்தது 1640-இல் என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னை என்றொரு நகரம் பிறப்பதற்கு முன்பே பழவேற்காட்டில் கப்பல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டை இப்போது இல்லை. போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் மூடிய மேடும், அதைச் சுற்றி ஓடிய அகழியின் தடமும்தான். "இதுக்கா வந்தோம்" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற மீனவர் குடியிருப்பின் பெயரைக் கேளுங்கள். கோட்டைக்குப்பம். சுவர் போய்விட்டது, பெயர் போகவில்லை.

அந்த ஒருங்கிணைப்பாளர் "பழைய கல்லறை ஒண்ணு" என்று சொன்னாரே, அதற்கு வருகிறேன். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற டச்சுக் கல்லறை வளாகம் அது. வாசலிலேயே இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு வெளியே வருகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வது, உள்ளே போங்கள். காலை வெயில் சாய்வாக விழுகிற நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. தரையில் படுக்க வைத்த பெரிய பெரிய கற்களில் எழுத்து எழும்பி நிற்கும், நடு மத்தியானத்தில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. பழைய டச்சு எழுத்து, நமக்குப் புரியாது, பரவாயில்லை, எண்கள் புரியும். ஆண்டுகளை மட்டும் தேடிப் படித்துக்கொண்டே நடங்கள். எழுத்துக்கு மேலே குடும்பச் சின்னங்கள், கவசம், இறகு, கொடி, பூ. ஓரத்தில் ஓடும் கொடியில் ஒவ்வொரு இலைக்கும் நரம்பு போட்டிருப்பார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். தொட வேண்டாம். விரல் பட்டுப் பட்டு ஏற்கெனவே சில இடங்கள் வழவழவென்று ஆகிவிட்டன.

கடலைப் பொட்டலத்தோடு அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது, சரி, அது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், கீழே படுத்திருப்பது ஒரு மனிதர். ஊர் தெரியாத கடற்கரையில் காய்ச்சலில் செத்துப்போன யாரோ ஒருவருடைய பிள்ளை. நம் வீட்டுச் சமாதியில் யாராவது இப்படி உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்வோமா?

டச்சுக்காரர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோட்டையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சம் வந்த வருடங்களில், பசிக்குத் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற நம் ஜனங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றிப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியதும் இதே துறையிலிருந்துதான். வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றும் இங்கே இருந்தது. கிழக்கே அவர்கள் நடத்திய சண்டைகளுக்கு இங்கிருந்து மருந்து போனது. கல்லறையில் பெயர் பொறித்துப் படுத்திருப்பவர்கள் வாங்கியவர்கள். விற்கப்பட்டுப் போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல் கிடையாது. கல்லறையில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் சிற்ப வேலையை மட்டும் காட்டினால் பாதிப் பொய்தான் சொல்கிறோம்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் ஆண்கள் வீட்டில் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? காயின் பெலிகாட். காயின் என்றால் மலாயில் துணி. பெலிகாட் என்பது புலிகாட், அதாவது நம் பழவேற்காடு. கடல் தாண்டி இன்னொரு மொழியில் ஓர் ஊரின் பெயர் துணியாகவே மாறி, இன்றைக்கும் கடையில் விற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஊருக்கு வந்து "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

கல்லறையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் மற்ற எல்லாமே. டச்சுக்காரர்களுக்கு முன்னாலேயே விஜயநகர அரசு காலத்தில் ஊருக்கு அனந்தராயன் பட்டினம் என்று பெயர். அந்தப் பழைய ஊரின் அடையாளமாக ஆதிநாராயணப் பெருமாள் கோயில் நிற்கிறது. கருங்கல் கோயிலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வித்தியாசமாக இருக்கும், ஏனென்றால் அது செம்பாறாங்கல் கோயில். புழுவரித்த மாதிரி துளைத் துளையான செங்கல் நிறக் கல். பல வருடம் சிதைந்து கிடந்தது, நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது பயந்துகொண்டே எட்டிப் பார்ப்போம். அங்கே கல்லில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவசரமாக நடந்தால் கண்ணில் படவே படாது. என்னைக் கேட்டால் எலும்புக்கூட்டு வாசலைவிட இதுதான் ஊரின் பொக்கிஷம் என்பேன். நீங்கள் பறவை பார்க்கிறவர்கள், ஒரு புதருக்குள் அசையும் சின்னக் குருவியை அரை மணி நேரம் பொறுமையாகத் தேடுகிறவர்கள். இந்தச் சிற்பங்களைப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமான கண் யாருக்கு இருக்கிறது?

அப்புறம் பள்ளிவாசல். அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. தொழுகை நேரத்தை நிழல் பார்த்துச் சொல்வதற்காக வைத்தது. நான் எட்டாவது படிக்கும்போது என் நண்பனின் தாத்தா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்க் காட்டினார். நிழல் கோட்டைத் தொடுகிற வரை பேசாமல் நில்லுங்கள் என்றார். நின்றோம். நிழல் நகர்வதை அதற்கு முன்னால் நான் கண்ணால் பார்த்ததில்லை, நகர்ந்து முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். தொட்டதும் தாத்தா எங்கள் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிச் சிரித்தார். அனுமதி கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தொழுகை நேரம் இல்லாதபோது போனால் அன்பாகவே காட்டுவார்கள். மகிமை மாதா கோயிலும் இதே ஊரில்தான், போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து வருகிற வழிபாடு. பெருமாள், பள்ளிவாசல், மாதா கோயில், டச்சுக் கல்லறை, எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். கார் எடுக்காதீர்கள். எங்கள் தெருக்கள் குறுகல், உங்கள் வேன் நுழைந்தால் மீன் கூடையோடு வருகிற பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

நடந்தால் இன்னொன்றும் கிடைக்கும். பனையோலைப் பெட்டி பின்னுகிற பெண்களைத் திண்ணையில் பார்க்கலாம். என் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், பேசிக்கொண்டே பின்னுவார், கண் உங்கள் முகத்தில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓலையை மடித்துச் சொருகிக்கொண்டே போகும். சாயம் ஏற்றிய ஓலையும் சாயம் ஏற்றாத ஓலையும் மாறி மாறி வந்து பத்து நிமிடத்தில் ஒரு மூடி உருவாகிவிடும். விலை சொன்னால் பேரம் பேசாமல் வாங்குங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி ஏரியைப் பற்றி, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1980-இல் நம் பக்கத்து ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், சுமார் 153 சதுர கிலோமீட்டர். அதற்குள்தான் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற குப்பங்களும் இருக்கின்றன. இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வது. எழுதின சட்டம் எதுவும் வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே ஏரியை ஒரேயடியாக வழித்து எடுக்காமல் பார்த்துக்கொண்டது அந்தப் பாடுதான் என்பது என் எண்ணம். ஆழமில்லாத இடங்களில் இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடிப்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கழுத்து வரை தண்ணீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் தவழ்ந்தபடி மணிக்கணக்காக. உங்கள் கேமரா அவர்கள் மேல் திரும்புகிறது. கேட்காமல் எடுக்காதீர்கள். பூநாரையிடம் அனுமதி கேட்க முடியாது, மனுஷியிடம் கேட்கலாம்.

பூநாரையைப் பறக்க வைக்கிற வேலையும் வேண்டாம். கூட்டமாக எழும்பும்போது இறக்கைக்கு அடியில் இருக்கிற சிவப்பும் கறுப்பும் விரிவது அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்துக்காகக் கை தட்டிக் கத்தியவர்களை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். சேற்றை அரித்து அரித்து வயிற்றை நிரப்புகிற பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் சாப்பாட்டு நேரமும் உடம்பின் தெம்பும் நஷ்டம். ஒரு நாளில் நான்கு குழு வந்து நான்கு முறை கிளப்பினால் அது அடுத்த நாள் அந்த இடத்துக்கு ஏன் வர வேண்டும்? பொறுமையாக உட்காருங்கள். அதுவாகவே எழும்பும் நேரம் வரும்.

படகு. இதைச் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், உல்லாசமாகப் படகில் போனவர்கள் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரைக்குக் கொண்டுவந்து வரிசையாகக் கிடத்தியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் கரையில் நின்று மீனவர்களிடம் "அண்ணே, ஒரு ரவுண்டுதானே, காசு சேர்த்துத் தர்றோம்" என்று கெஞ்சுவதைக் கேட்கிறேன். அன்றைக்கு வலையில் ஒன்றும் விழாதவருக்கு அந்தக் காசு பெரிய காசு. வேண்டாம் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கேட்காமல் இருந்தால் அவருக்கு அந்தச் சோதனையே இல்லை. பாலம் வழியாக லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் நீங்கள். ஆண்டார்மடம், அண்ணாமலைச்சேரி பக்கமும் கரையிலிருந்தே பார்க்கலாம். கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து எதையும் பார்க்கக் கரையே போதும்.

ஒருங்கிணைப்பாளர்களிடம் தனியாக ஒன்று. உங்கள் நிகழ்ச்சி நிரலில் காலை 10 மணிக்கு மேல் "சிற்றுண்டி, புறப்பாடு" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மாற்றுங்கள். வெயில் ஏறியதும் பறவை பார்ப்பதற்கு எப்படியும் சரிப்படாது, கானல் அடிக்கும், தூரத்தில் இருப்பதெல்லாம் நடுங்கும். அந்த நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். உள்ளூர்ப் பையன் அல்லது பெண் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு, அவருக்கு நியாயமான கூலி கொடுங்கள். எங்கள் ஊரில் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் நிறைய. இந்தக் கதையெல்லாம் அவர்களுக்குத் தெரியும், கேட்க ஆள் இல்லாததால்தான் சொல்வதில்லை. மதியச் சாப்பாட்டைச் சென்னையிலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வராமல் இங்கேயே சாப்பிடுங்கள். நண்டும் மடவையும் இந்த ஏரியிலிருந்து அன்று காலை வந்தது.

மத்திய, மாநிலத் துறைகளிடம் கேட்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. கல்லறையில் தமிழில் ஒழுங்கான விளக்கப் பலகை, கோட்டை மேட்டில் முள்ளை வெட்டிவிட்டு ஒரு நடைபாதை, பெண்கள் போகிற மாதிரி ஒரு சுத்தமான கழிப்பறை. நாங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் மனு, கோப்பு என்று போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஊருக்குள் வந்து போகிற நூறு பேர், முகத்துவாரம் மண் மூடினால் பறவையும் இல்லை மீனும் இல்லை என்று புரிந்த நூறு பேர், எங்களோடு சேர்ந்து கேட்டால் அந்தக் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும் என்று நம்புகிறேன். அதற்கு நீங்கள் முதலில் ஊரைப் பார்த்திருக்க வேண்டும்.

வருகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை மதியத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் தொழுகைக் கூட்டம் இருக்கும். கல்லறை வளாகத்தில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள். வேன் டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், சாயங்காலம் 4 மணிக்குத்தான் திரும்புவோம் என்று. போன ஜனவரியில் அந்தக் கேள்வியைக் கேட்ட தங்கச்சி இதைப் படித்தால், மறுபடியும் ஒரு முறை வாம்மா, சூரியக் கடிகாரத்தின் நிழலை நான் கூட வந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு பழவேற்காட்டுக்காரன்